தவறியது இரண்டு தவணை, தெரிவது பன்னிரண்டு மாதம்

கேள்வி: வணக்கம் அக்கா. நான் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிறேன், வயது 34. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலை, கைக்கு வரும் சம்பளம் 3,700 வெள்ளி. போன வருடம் பிப்ரவரியில் பழைய கம்பெனியில் ஆள் குறைத்தபோது என் வேலையும் போனது. மார்ச், ஏப்ரல் இரண்டு மாதமும் கார் தவணை 620 வெள்ளி கட்ட முடியவில்லை. மே மாதம் இந்த வேலை கிடைத்தது. அதிலிருந்து இன்றுவரை ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டி வருகிறேன். இப்போது சிம்பாங் அம்பாட்டில் 280,000 வெள்ளிக்கு ஓர் அடுக்குமாடி வீடு பார்த்து, ஏஜெண்டிடம் 2,000 வெள்ளி முன்பணமும் கொடுத்துவிட்டோம். கையில் 25,000 வெள்ளி சேர்த்து வைத்திருக்கிறேன். ஆனால் இரண்டு வங்கிகள் கடன் இல்லை என்று சொல்லிவிட்டன. "சிக்ரிஸ் சரியில்லை" என்றார் ஓர் அதிகாரி. கிரெடிட் கார்டில் 7,000 வெள்ளி நிற்கிறது. குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டுகிறேன், சில மாதம் மறந்தும் போயிருக்கிறேன். பழைய கைப்பேசி லைன் ஒன்றில் 380 வெள்ளி பில் பாக்கி. என் மச்சான், "உன் பெயர் பிளாக்லிஸ்ட் ஆகிவிட்டது, ஏழு வருடம் போனால்தான் தெளியும்" என்கிறார். வாட்ஸ்அப்பில் ஒருவர் 1,500 வெள்ளிக்குப் பெயரைச் சுத்தம் செய்து தருவதாகச் சொல்கிறார். இல்லாவிட்டால் மனைவி பெயரில் கடன் எடுக்கலாமா? அவர் பாலர் பள்ளி ஆசிரியை, அவருக்கு எந்தக் கடனும் இல்லை.

பதில்: தம்பி, முதலில் அந்த 1,500 வெள்ளியை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் கார் கடனில் நிற்கும் பாக்கியே இரண்டு தவணைக்கு 1,240 வெள்ளிதான், அதோடு கொஞ்சம் தாமதக் கட்டணம். பெயரைச் சுத்தம் செய்ய ஒருவர் கேட்கும் பணத்தில் ஏறக்குறைய பாக்கியையே கட்டி முடித்துவிடலாம். சிக்ரிஸ் என்னும் கடன் பதிவு, நம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் கையில் இருக்கிறது. அதற்குள் போகும் விவரத்தைக் கடன் கொடுத்த வங்கிதான் அனுப்புகிறது. வெளியாள் எவரும் உள்ளே போய் ஓர் எண்ணைக்கூட மாற்ற முடியாது. இப்படிப் பணம் கேட்பவர்கள் அடுத்ததாக உங்கள் மைகார்ட் அடையாள அட்டையின் படத்தையும் வங்கி விவரங்களையும் கேட்பார்கள். அதற்குப் பிறகு போவது 1,500 வெள்ளியோடு நிற்காது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அறிக்கையை நான் பார்க்கவில்லை, நீங்கள் எழுதியதை வைத்துச் சொல்கிறேன். இதே கதையோடு என்னிடம் வருகிறவர்கள் நிறையப் பேர் என்பதால் எங்கே சிக்கல் என்று ஓரளவு தைரியமாகவே சொல்ல முடிகிறது.

பிளாக்லிஸ்ட் என்று ஒன்று சிக்ரிஸில் கிடையாது. 2001-இல் தொடங்கிய இந்த அமைப்பு, நாட்டின் வங்கிகளில் யாருக்கு எவ்வளவு கடன் இருக்கிறது, எப்படிக் கட்டுகிறார்கள் என்பதைத் தொகுத்து வைக்கிறது, அவ்வளவுதான். இவருக்குக் கடன் கொடு, அவருக்குக் கொடுக்காதே என்று அது யாருக்கும் சொல்வதில்லை. முடிவு ஒவ்வொரு வங்கியுடையது. அதனால்தான் ஒரு வங்கி மறுத்ததை இன்னொன்று கொடுப்பதும் நடக்கிறது. மச்சான் சொல்லும் ஏழு வருடக் கணக்கு பெரும்பாலும் அமெரிக்காவைப் பற்றிய ஏதாவது ஒரு பதிவில் படித்ததாக இருக்கும். அங்கேதான் தவறிய கடன் ஏழு வருடம் அறிக்கையில் நிற்கும். நம் சிக்ரிஸ் அறிக்கை கட்டணப் பழக்கத்தைக் கடைசி 12 மாதத்துக்குத்தான் காட்டும். ஒவ்வொரு மாதமும் புதிதாக ஒரு மாதம் சேரும்போது பழையது ஒன்று பின்னால் விழுந்துவிடும்.

"அப்படியானால் போன வருட மார்ச், ஏப்ரல் இந்நேரம் போயிருக்க வேண்டுமே?" என்று கேட்பீர்கள். போய்விட்டது. இப்போது ஜூன். நீங்கள் கட்டாமல் விட்ட அந்த இரண்டு மாதமும் அறிக்கையை விட்டு வெளியேறிவிட்டன. வங்கி அதிகாரி பார்த்து முகம் சுளித்தது நீங்கள் ஒழுங்காகக் கட்டிய மாதங்களைத்தான். இது எப்படி என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் பிரச்சினையில் முக்கால்வாசி இதுதான்.

அறிக்கையில் ஒவ்வொரு கடனுக்கும் நேராகப் பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு எண்கள் இருக்கும். 0 என்றால் பாக்கி இல்லை. 1 என்றால் ஒரு மாதத் தவணை பாக்கி. 2 என்றால் இரண்டு. அந்த மாதம் நீங்கள் பணம் கட்டினீர்களா என்பதை அந்த எண் சொல்வதில்லை, அந்த மாத முடிவில் மொத்தம் எத்தனை தவணை பின்தங்கி இருக்கிறீர்கள் என்பதைச் சொல்கிறது. மார்ச்சில் தவறியபோது 1 விழுந்தது. ஏப்ரலில் 2. மே மாதம் 620 வெள்ளி கட்டினீர்கள். வங்கி அதை மார்ச் தவணைக்கு வரவு வைத்திருக்கும், பழைய பாக்கிதான் முதலில் தீரும். ஆனால் மே மாதத் தவணையும் அதே நேரத்தில் சேர்ந்துவிட்டதால் ஏப்ரலும் மேயும் பாக்கி. எண் 2. ஜூனில் மறுபடி 620. ஏப்ரல் தீர்ந்தது, மேயும் ஜூனும் நிற்கிறது. மறுபடி 2. இப்படி ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டிக்கொண்டே ஒரு வருடம் முழுக்க 2, 2, 2 என்று வரிசை கட்டி நிற்க வைத்திருக்கிறீர்கள். உங்கள் மனதில் இருப்பது "இரண்டு மாதம் சறுக்கினேன், பிறகு எழுந்துவிட்டேன்" என்பது. காகிதத்தில் இருப்பது, ஒரு வருடமாக இரண்டு தவணை பின்தங்கியே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கடன்.

ஏன் யாரும் சொல்லவில்லை என்று கோபம் வரலாம். வந்தால் நியாயம்தான். வங்கி மாதாமாதம் அனுப்பும் குறுஞ்செய்தியில் பாக்கித் தொகை இருந்திருக்கும், ஆனால் அதை யார் படிக்கிறார்கள்?

2 என்ற இடத்தில் தொங்கிக்கொண்டிருப்பதில் வேறோர் ஆபத்தும் உண்டு. நாளை காய்ச்சலிலோ ஓவர்டைம் குறைந்தோ ஒரே ஒரு மாதம் தவறினால் 3 ஆகிவிடும். மூன்று மாதப் பாக்கியான கடனை வங்கிகள் வாராக்கடன் கணக்கில் வைக்கத் தொடங்குகின்றன. அப்புறம் பேச்சே வேறு. கார் கடன் என்பதால் 1967-ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டமும் இருக்கிறது. தொடர்ந்து இரண்டு தவணை தவறினாலே வண்டியை மீட்கப் போவதாக 21 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்ப வங்கிக்கு உரிமை உண்டு. மொத்தக் கடனில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால் மட்டும் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வண்டியைத் தொட முடியாது. வண்டி போய் ஏலத்தில் குறைவாக விற்றால், துண்டு விழும் தொகை உங்கள் தலையில்தான். பாலம் தாண்டி வேலைக்குப் போகிறவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது எளிது. இந்த வாரமே கார் கடன் வங்கிக்குப் போங்கள் அல்லது போன் போடுங்கள். இந்த மாதத் தவணையையும் சேர்த்து, பாக்கி ஒரு காசும் இல்லாமல் ஆக இன்று எவ்வளவு கட்ட வேண்டும், அதில் தாமதக் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். கேட்கும்போது பாக்கியை முடிப்பது என்று தெளிவாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கடனையே மொத்தமாக அடைக்கும் கணக்கை எடுத்து நீட்டிவிடுவார்கள். அந்தத் தொகையை ஒரே தடவையில் கட்டி, பாக்கி இல்லை என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வங்கிகள் விவரத்தை மாதம் ஒரு முறைதான் அனுப்பும், அதனால் அடுத்த மாதம்தான் 0 என்று விழும். மூன்று நாளில் எட்டிப் பார்த்துவிட்டு மாறவில்லையே என்று பதற வேண்டாம்.

கையில் மொத்தப் பணம் இல்லாதவர்களுக்காகவும் சொல்கிறேன், இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும். 620-ஓடு மாதம் 310 சேர்த்துக் கட்டினால் இரண்டு மாதத்தில் 2 என்பது 1 ஆகும், நாலு மாதத்தில் 0. கூடுதலாக எதுவும் கட்டாமல் தவணையை மட்டும் கட்டினால், கடன் முடிகிற நாள்வரை அந்த 2 அப்படியே இருக்கும்.

ஆனால் உங்களிடம் பணம் இருக்கிறது! 25,000 வெள்ளியை வைத்துக்கொண்டு 1,240 வெள்ளி பாக்கியோடு ஒருவர் வீட்டுக் கடன் கேட்கிறார் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை, ஆனாலும் இது சகஜம். வீட்டுக்கென்று எடுத்து வைத்த பணத்தில் கை வைக்கக்கூடாது என்று நம் வீடுகளில் ஒரு பிடிவாதம் உண்டு. நல்ல பிடிவாதம்தான், ஆனால் இந்த இடத்தில் அது அந்த வீட்டையே தடுத்துக்கொண்டிருக்கிறது.

அதே சேமிப்பிலிருந்து கிரெடிட் கார்டையும் அடைத்துவிடுங்கள் என்பேன். கார்டுக்கு மாதக் குறைந்தபட்சம் என்பது நிலுவையில் 5 விழுக்காடு அல்லது 50 வெள்ளி, எது அதிகமோ அது. உங்களுக்கு 350 வெள்ளி. அதைக் கட்டிவிட்டால் சிக்ரிஸில் 0 விழும் என்பது உண்மைதான். ஆனால் வட்டி ஓடுகிறது. நம் நாட்டில் கார்டு வட்டி மூன்று படி: பன்னிரண்டு மாதமும் நேரத்துக்குக் கட்டியவருக்கு 15 விழுக்காடு, பத்து மாதமாவது கட்டியவருக்கு 17, அதற்கும் குறைந்தால் 18. சில மாதம் மறந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று முறை மறந்திருந்தால் நீங்கள் 18-இல் இருக்கிறீர்கள். 7,000 வெள்ளிக்கு அது வருடம் சுமார் 1,260 வெள்ளி. கார் பாக்கியைவிட அதிகம்! மறந்த ஒவ்வொரு மாதத்துக்கும் நிலுவையில் 1 விழுக்காடு தாமதக் கட்டணம் வேறு, அதாவது சுமார் 70 வெள்ளி. பணம் இல்லாமல் தவறியதா, மறதியில் தவறியதா என்று அறிக்கையில் குறிப்பு எதுவும் இருக்காது. வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி இன்றைக்கே போட்டுவையுங்கள்.

கார்டை அடைப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. வீட்டுக் கடன் கேட்கும்போது வங்கி உங்கள் சம்பளத்தில் எத்தனை பங்கு கடனுக்கே போகிறது என்று கணக்குப் போடும். 280,000-இல் பத்து விழுக்காடு முன்பணம் போக 252,000 வெள்ளி. 4 விழுக்காடு வட்டி, 35 வருடம் என்று வைத்தால் மாதம் ஏறக்குறைய 1,116 வெள்ளி. கார் 620, கார்டு 350 சேர்ந்தால் 2,086. உங்கள் 3,700-இல் அது 56 விழுக்காடு. கார்டு இல்லாவிட்டால் 47. இந்த எல்லை வங்கிக்கு வங்கி மாறும், ஆனால் 56 என்பதைப் பார்த்துத் தயங்கும் வங்கிகள் உண்டு. ஆகவே மறுப்புக்குக் கார் மட்டும்தான் காரணம் என்று எண்ண வேண்டாம். முன்பணம் குறையுமே என்று கவலைப்பட்டால், கே.டபிள்யூ.எஸ்.பி. என்னும் ஊழியர் சேமநிதியின் செஜாத்ரா கணக்கிலிருந்து வீடு வாங்கப் பணம் எடுக்க அனுமதி இருக்கிறது, அதில் எவ்வளவு நிற்கிறது என்று செயலியில் பாருங்கள்.

கைப்பேசி பில் வேறு கதை. அது சிக்ரிஸில் வராது, அங்கே வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அனுப்பும் கடன் விவரம்தான். ஆனால் சிடோஸ் இருக்கிறதே. அது தனியார் நிறுவனம், 2010-ஆம் ஆண்டின் கடன் அறிக்கை முகவை சட்டத்தின் கீழ் இயங்குகிறது. சிக்ரிஸ் விவரத்தோடு, நீதிமன்ற வழக்குகள், தொலைபேசி நிறுவனம் போன்றவர்கள் பதிந்த பாக்கி என்று எல்லாவற்றையும் ஒரே அறிக்கையில் சேர்த்து, 300-லிருந்து 850 வரை ஒரு மதிப்பெண்ணும் போட்டுக் கொடுக்கும். அந்த மதிப்பெண்ணில் 45 விழுக்காடு, கடனை எப்படிக் கட்டினீர்கள் என்பதற்கே போகிறது. 20 விழுக்காடு எவ்வளவு கடன் நிற்கிறது என்பதற்கு. 380 வெள்ளிக்காக அந்த இடத்தில் ஒரு கறை எதற்கு? கட்டிவிட்டுக் கணக்கு முடிந்ததற்கான கடிதம் வாங்குங்கள், சிடோஸில் பதிவு இருந்தால் அந்தக் கடிதத்தைக் காட்டிப் புதுப்பிக்கச் சொல்லுங்கள்.

சிக்ரிஸ் அறிக்கையைப் பேங்க் நெகாராவின் இ-சிக்ரிஸ் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். நீங்களே உங்கள் அறிக்கையைப் பார்ப்பதால் மதிப்பெண் குறையாது, இந்தப் பயம் நிறையப் பேருக்கு இருக்கிறது. பார்க்கும்போது கார், கார்டு மட்டுமல்லாமல் பி.டி.பி.டி.என். கல்விக் கடன் ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் வயதில் பலர் மறந்தே போயிருப்பார்கள். தவறான எண் ஏதாவது கண்ணில் பட்டால், ரசீதோடு அந்தக் கடன் கொடுத்த வங்கியிடம்தான் முதலில் போக வேண்டும். திருத்தி அனுப்ப வேண்டியவர்கள் அவர்கள்தான்.

ஏ.கே.பி.கே. பக்கம் போகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது யோசனை சொல்வார்கள். 2006-இல் பேங்க் நெகாரா தொடங்கிய கடன் ஆலோசனை அமைப்பு அது, இலவசம், பினாங்கிலும் கிளை உண்டு. சம்பளம் முழுக்கக் கடனுக்கே போகிற நிலையில் இருப்பவர்களை நானே அங்கே அனுப்புகிறேன். ஆனால் அவர்களின் கடன் நிர்வாகத் திட்டத்தில் சேர்ந்தால் அதுவும் அறிக்கையில் தெரியும், திட்டம் ஓடும்வரை புதுக் கடன் கிடைப்பது கடினம். உங்கள் நிலைமைக்கு அது தேவையில்லை. ஆலோசனை மட்டும் கேட்டுவரப் போவதென்றால் தாராளமாகப் போங்கள். திவால் பயமும் வேண்டாம், அதற்குக் கடன் 100,000 வெள்ளியைத் தொட வேண்டும்.

மனைவி பெயரில் எடுப்பது பற்றி. முடியும், ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை. பாலர் பள்ளிச் சம்பளத்துக்கு மட்டும் வங்கி இவ்வளவு தொகை கொடுப்பது சந்தேகம். இதுவரை கடனே வாங்காதவர் என்றால் அவருடைய பதிவு சுத்தமாக இருப்பதைவிடக் காலியாக இருக்கிறது என்பதுதான் சரி, வங்கிக்கு அதில் படிக்க ஒன்றும் இல்லை. இருவரும் சேர்ந்து எடுத்தால் வங்கி இரண்டு அறிக்கையையும் பார்க்கும், உங்கள் 2-கள் அங்கேயும் வந்து நிற்கும். பிறகு என்றாவது தவணை தவறினால் அவர் பதிவிலும் விழும். வீட்டில் ஒருவர் பதிவாவது கை படாமல் இருப்பது நல்லது. வேண்டுமானால் அவர் பெயரில் சிறிய வரம்போடு ஒரு கிரெடிட் கார்டு எடுத்து, பெட்ரோலுக்கு மட்டும் தேய்த்து, மாதாமாதம் முழுத்தொகையும் கட்டி வரட்டும். அடுத்த வருடம் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டி வந்தால் அது உதவும்.

அடுத்த வருடமா என்று சோர்ந்துவிட வேண்டாம். பாக்கி முடிந்து ஆறு மாதத்தில் வரிசையில் ஆறு 0, ஆறு 2 இருக்கும். அந்த நிலையிலேயே சில வங்கிகள் பேச முன்வரும், குறிப்பாகப் பழைய கம்பெனியின் ஆள்குறைப்புக் கடிதம், புது வேலைக் கடிதம், பாக்கி முடித்த கடிதம் மூன்றையும் விண்ணப்பத்தோடு வைத்தால். ஏன் 2 விழுந்தது என்பதை அதிகாரி ஊகிக்க விடாதீர்கள், நீங்களே ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். பன்னிரண்டு மாதம் பொறுக்க முடிந்தால் வரிசை முழுக்க 0. அதுவரை இன்னும் நாலு வங்கிக்கு விண்ணப்பம் போட்டுப் பார்ப்போமே என்று இறங்காதீர்கள். மறுக்கப்பட்டவை சிக்ரிஸில் தெரியாது என்றாலும் முடிவாகாமல் நிற்கும் விண்ணப்பங்கள் தெரியும். ஒரே நேரத்தில் பல இடத்தில் கடன் தேடுகிறார் என்று பார்ப்பவர் நினைப்பார்.

கடைசியாக அந்த 2,000 வெள்ளி. முன்பணம் கொடுத்தபோது கையெழுத்திட்ட படிவத்தில், வங்கிக் கடன் மறுக்கப்பட்டால் பணம் திருப்பித் தரப்படும் என்று இருக்கிறதா, எத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று இன்றே எடுத்துப் படியுங்கள். இரண்டு வங்கிகளிடமிருந்தும் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள், வாய்வார்த்தையை ஏஜெண்ட் ஏற்கமாட்டார். அந்தக் கெடு தாண்டுவதற்குள் கடிதங்களை இணைத்து மின்னஞ்சலில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், வாட்ஸ்அப்பிலும் ஒரு நகல் போட்டுவையுங்கள்.